வேலை நாட்களில் உடற்பயிற்சி செய்யத் தெம்பு இருப்பதில்லை: என்ன செய்யலாம்?

தாம்பரம்வாசி:
கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன், வயது 38. தாம்பரத்தில் காலை மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால், ஐந்தரைக்கே எழுந்து சமையலை முடித்தாக வேண்டும். மாலை ஏழரைக்கு வீடு திரும்பும்போது கால்கள் கனக்கின்றன. ஞாயிறன்று பூங்காவில் ஒரு மணி நேரம் நடக்க முடிகிற எனக்கு, மற்ற நாட்களில் இருபது நிமிடம்கூட ஏன் இயலவில்லை என்பது விளங்கவில்லை. பகல் முழுவதும் நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறேன்? இன்னும் முன்னதாக எழுந்திருங்கள் என்பதைத் தவிர வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

நடைப்பிரியன்:
உட்கார்ந்தே இருந்தாலும் களைப்பு வரும், சகோதரி. நாள் முழுவதும் கணக்குகளைச் சரிபார்த்து மூளை அயர்ந்துவிடுகிறது. தசைகளோ வேலையே இல்லாமல் இறுகிக் கிடக்கின்றன. மனம் களைத்திருக்கும்போது வழக்கமான வேகத்தில் செய்யும் பயிற்சிகூடக் கூடுதல் சிரமமாகத் தோன்றும் என்பது ஆய்வுகளில் தெரியவந்த செய்தி. ஆகவே உங்கள் கால்களில் வலுவில்லை என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

வீட்டுக்குப் போய்விட்டுப் பிறகு நடக்கலாம் என்று நினைப்பதில்தான் சிக்கல். காலணியைக் கழற்றி, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டால் பிறகு யாராலும் எழுந்திருக்க முடியாது. அதனால், திரும்பும் வழியில், தாம்பரத்துக்கு முந்தைய நிலையமான தாம்பரம் சானடோரியத்தில் இறங்கிவிட்டால், மீதமுள்ள ஏறத்தாழ 2 கிலோமீட்டரை அரை மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவருக்கு ஆறு மணிக்குச் சோர்வு வருவதில் வியப்பில்லை. தேநீரோடு பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு கைப்பிடி சுண்டலோ வேர்க்கடலையோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் பாருங்கள்.

பொது மருத்துவர்:
பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்வது நல்லது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதையும் கால் கனப்பதையும் வயதின் மீதும் வேலையின் மீதும் போட்டுவிட்டு, ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்துவிடுபவர்கள் ஏராளம். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. அத்துடன் ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்தின் சேமிப்பைக் காட்டும் அளவு), தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்து, இரும்புச்சத்தின் சேமிப்பு மட்டும் குறைந்திருந்தாலும் களைப்பு வரலாம்.

சமையலறைக்காரி:
நடைப்பிரியன் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் இருட்டிய பிறகு, நடைபாதையில் இருசக்கர வாகனங்கள் ஏறி வரும் ஜிஎஸ்டி சாலையில் (தாம்பரம் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை) ஒரு பெண் தினமும் நடந்து வர வேண்டும் என்பது, அந்தச் சாலையில் நடந்து பழகாதவர் சொல்லும் யோசனை. அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி என்று கூறும் உலக சுகாதார நிறுவனம், ஒருமுறை செய்தால் பத்து நிமிடமாவது நீடிக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020-ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் விட்டுவிட்டது. குக்கர் விசிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்கலாம். சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுக்கலாம்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன்: ஐந்தரை மணிச் சமையலில் வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பங்கு உண்டா? காய் நறுக்குவதையாவது முந்தைய இரவே வேறொருவர் செய்துவைத்தால், உங்களுக்கு அரை மணி நேரத் தூக்கம் மிஞ்சும்.

தாம்பரம்வாசி:
அனைவருக்கும் நன்றி. மாடிப்படியில் மூச்சு வாங்குவது எனக்கும் உண்டு. சனிக்கிழமை பரிசோதனைக்குப் போகிறேன். காய் நறுக்கும் பொறுப்பைக் கணவரிடம் ஒப்படைத்தாயிற்று. மருத்துவரிடம் ஒரு ஐயம்: காலை உணவோடு தேநீர் குடிப்பது தவறா?

பொது மருத்துவர்:
உணவில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேருவதைத் தேநீர் தடுக்கும். ஆகவே சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். கீரையோ பயறோ சாப்பிடும் வேளையில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளலாம். முடிவு வரும்முன் இரும்பு மாத்திரைகளை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.