பென்சில்வேனியாவில் பைக் ஹெட்லைட்: எல்இடி போட்டு இன்ஸ்பெக்‌ஷனில் மாட்டிக்கொண்டேன்

வண்டி: 2020 ராயல் என்ஃபீல்டு ஐஎன்டி 650. இடம்: பிட்ஸ்பர்க் பக்கம். மார்ச்சில் எச்4 வகை ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு, அதே ஹெட்லைட் கூட்டில் எல்இடி பல்பு மாட்டினேன். போன வாரம் வருடாந்திர இன்ஸ்பெக்‌ஷனில் நிராகரித்துவிட்டார்கள்.

பல்புப் பெட்டியில் 'டாட் அப்ரூவ்டு' (டாட் என்றால் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) என்று கொட்டை எழுத்தில் இருந்தது, நம்பிவிட்டேன். டாட் எதையும் அங்கீகரிப்பதே இல்லையாம். எஃப்எம்விஎஸ்எஸ் 108 என்ற வண்டி விளக்குகளுக்கான பாதுகாப்பு விதிப்படி தயாரிப்பாளரே உறுதியளித்து முத்திரை குத்துகிறார். அது மத்திய விதி. வண்டி சாலையில் ஓடலாமா என்று பார்ப்பது மாநிலம்.

எல்இடி பல்பைச் சுழற்றி மாட்டிப் பார்த்தேன், லைட்டின் உயரத்தையும் இறக்கினேன். 25 அடி தள்ளி கராஜ் சுவரில் அடித்தால் லோ பீமின் மேல் விளிம்பு கோடாக விழாமல் பால் கொட்டியதுபோல் பரவுகிறது. எதிரில் வருபவர்கள் ஹை பீம் அடித்துத் திட்டியது சும்மா இல்லை. இப்போது பழைய ஹாலஜனே எரிகிறது. பாஸ் ஆகிவிடும், ஆனால் மழை இரவில் மான் குறுக்கே வந்தால் கிட்டே வந்தபிறகுதான் தெரியும்.

பல்பை விட்டுவிட்டு, லென்ஸ் கண்ணாடியிலேயே டாட் முத்திரை உள்ள முழு 7 அங்குல எல்இடி ஹெட்லைட் மாட்டி, பென்சில்வேனியாவில் இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆனவர்கள் இருந்தால், எந்த மாடல் போட்டீர்கள்?