ஏ.எஃப்.பி. இயல்பாக இருந்தும் கல்லீரலில் கட்டி: வேறு இரத்தப் புரதங்கள் உதவுமா?

கேள்வி:
வணக்கம். ஹெபடைட்டிஸ் பி தொற்றினால் என் அண்ணனுக்குக் கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ், ஏற்பட்டிருப்பதால், கல்லீரல் புற்றுநோய் வருகிறதா என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ஏ.எஃப்.பி. என்னும் இரத்தப் பரிசோதனையும் எடுத்து வருகிறோம். சென்ற மாதம் ஏ.எஃப்.பி. 7 என்று வந்ததைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கினோம். மறுநாள் ஸ்கேனில் 2 செ.மீ. கட்டி தெரிந்தது. அப்படியானால் இந்தப் பரிசோதனையால் என்ன பயன்? நோயை முன்னதாகவே காட்டும் வேறு புரதங்கள் இல்லையா?

மறுமொழி 1:
உங்கள் கலக்கம் புரிகிறது. ஏ.எஃப்.பி. கருவிலிருக்கும் குழந்தையின் கல்லீரல் மிகுதியாகச் சுரக்கும் புரதம். கல்லீரல் கட்டியுள்ள எலிகளின் இரத்தத்தில் அது மீண்டும் தோன்றுவதை 1963இல் மாஸ்கோவில் அபெலெவ் என்னும் ஆய்வாளரின் குழுவினர் கண்டனர். அடுத்த ஆண்டே தத்தாரினோவ் என்னும் மற்றோர் ஆய்வாளர் அதை நோயாளிகளிடமும் கண்டார். ஆனால் தொடக்க நிலைக் கட்டிகளில் பல அதைச் சுரப்பதே இல்லை. புற்றுநோய் இல்லாமலேயே ஹெபடைட்டிஸ் தீவிரமாகும்போது அது உயர்வதும் உண்டு.

வேறு இரண்டு பரிசோதனைகள் உள்ளன. ஒன்று ஏ.எஃப்.பி.-எல்3. புற்றுநோய்ச் செல்கள் சுரக்கும் ஏ.எஃப்.பி.யில் ஃபியூகோஸ் என்னும் சர்க்கரை கூடுதலாக ஒட்டியிருக்கும். நம் சமையலறை மைசூர்ப் பருப்பிலிருந்து பிரித்தெடுக்கும் ஒரு புரதம் அந்த வகையை மட்டும் பற்றிக்கொள்வதால் அதைத் தனியே அளக்க முடிகிறது. மற்றொன்று பிவ்கா-2, அதாவது இரத்தம் உறைய உதவும் புரோத்ராம்பின் என்னும் புரதத்தின் முழுமை பெறாத வடிவம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கு அது புற்றுநோயின்றியும் உயரும். ஜப்பானில் இவை பல ஆண்டுகளாக வழக்கத்தில் உள்ளன. ஏ.எஃப்.பி.யும் இவ்விரண்டும் ஆகிய மூன்றோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறைக்கு கேலட் என்று பெயர்.

மறுமொழி 2:
ஆய்வகத்தில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். இரத்த நீரிலுள்ள புரதத்தில் பாதிக்கு மேல் ஆல்புமினே. சிறு கட்டி கசியவிடும் புரதமோ அதற்குள் துளியினும் துளி. அதைவிடப் பெரிய சிக்கல், புதிய புரதங்களைத் தேடும்போது யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது. புற்றுநோயாளிகளை ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால் ஏராளமான புரதங்கள் வேறுபடும். ஆனால் அவற்றுள் பல சிரோசிஸின் தழும்பைக் காட்டுபவையே அன்றி, கட்டியைக் காட்டுபவை அல்ல. ஆகவே சிரோசிஸ் உள்ளவர்களோடு ஒப்பிட்டு, நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே சேமித்த இரத்தத்திலும் சோதித்துத் தேறிய புரதத்தையே நான் நம்புவேன்.

மறுமொழி 3:
ஸ்கேன் அதன் வேலையைச் செய்திருக்கிறது. ஏ.எஃப்.பி. இயல்பாக இருப்பதைக் காரணம் காட்டிக் காலம் தாழ்த்தாமல், மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனை உடனே எடுங்கள்; புற்றுநோய் என்றே உறுதியானாலும் 2 செ.மீ. அளவில் குணப்படுத்தும் சிகிச்சைக்கு நல்ல வாய்ப்பு உண்டு. உடன்பிறந்தவர் என்பதால் நீங்களும் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.