புதுப்பிப்பு: ஒப்பந்தச் சட்டத்துக்கு எந்தப் புத்தகம்?

முதலாமாண்டு ஒப்பந்தச் சட்டத்துக்கு அவதார் சிங் எழுதிய புத்தகமா, பொல்லாக்–முல்லா எழுதியதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. அவதார் சிங்கை வாங்கிவிட்டேன்.

பொல்லாக்–முல்லாவை நூலகத்தில் புரட்டிப் பார்த்தேன். பிரிவு வாரியாக உரை சொல்லிக்கொண்டே போகும் பெருநூல்; வழக்கறிஞர் மேசைக்கு உரியது, தேர்வுக்குப் படிக்கிறவனுக்குத் தாங்காது. மைனர் போட்ட ஒப்பந்தம் ஏன் செல்லாது என்பது, மோகரி பீபி வழக்கில் (1903) யார் யாரிடம் வீட்டை அடமானம் வைத்தார்கள் என்ற கதை தெரிந்தால்தான் எனக்கு மனத்தில் நிற்கிறது. அவதார் சிங் அந்த வகையில் ஒத்துப்போகிறது.

பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைக்குமே என்றார்கள் சிலர். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை பெரிய நஷ்டமில்லை. ஆனால் அதே புத்தகத்தில் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டமும் (ஒப்பந்தத்தை மீறியவரை அதை நிறைவேற்றவே வைப்பது போன்ற நிவாரணங்களைச் சொல்வது) இருக்கிறது. அது 2018இல் நன்றாகவே மாறிவிட்டது. கடையில் நின்றபடியே அதன் 10ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்வது நீதிமன்றத்தின் விருப்புரிமை என்று இருந்தால் அது திருத்தத்துக்கு முந்தைய பதிப்பு; அந்தப் புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

கூடவே ஒப்பந்தச் சட்டத்தின் பேர் ஆக்ட் ஒன்றும் (உரையில்லாமல் சட்ட வாசகம் மட்டும் இருக்கும் புத்தகம்) வாங்கினேன். அதில் 75ஆம் பிரிவை அடுத்து, நீக்கப்பட்டவை என்ற ஒற்றை வரியோடு 124க்குத் தாவுவதைப் பார்த்து அச்சுப்பிழை என்று பதற வேண்டாம். இடையிலிருந்தவை 1930இல் சரக்கு விற்பனைச் சட்டமாகத் தனிக்குடித்தனம் போய்விட்டன.