கலைச்சொல்: ‘பலகை’யா, ‘பாள’மா?

வணக்கம். பனிச்சரிவு எச்சரிக்கைக் குறிப்பின் தமிழ் வரைவைப் படித்தேன். அதில் ஒரு வரி:

> புதுப்பனி பெய்தபின் 30 பாகைப் பனிச்சரிவில் பனிச்சரிவு ஏற்படலாம்.

இந்த வரியில் முதல் சரிவு நிலம், இரண்டாவது நிகழ்வு. எச்சரிக்கைக் குறிப்பில் இந்தக் குழப்பம் ஆகாது. நிலத்துக்குச் ‘சாய்வு’, நிகழ்வுக்கு மட்டும் ‘சரிவு’ என்று பிரித்துக்கொள்வோம்.

அடுத்து ‘ஸ்லாப்’ (slab), அதாவது ஒரே துண்டாகப் பெயரும் பனிப்படலம். ‘பலகை’ எனக்கு ஒப்பவில்லை. பலகை என்றதும் கெட்டியான ஒன்றுதான் மனத்தில் வரும். இங்கே கெட்டித்தன்மை கணக்கில்லை, ஒட்டுதான் கணக்கு. கணுக்கால் புதையுமளவு மெத்தென்றிருக்கும் புதுப்பனியும், துகளோடு துகள் ஒட்டிவிட்டால் ஒரே துண்டாகப் பெயரும். காய்ந்த குளத்துமண் வெடிப்பதற்கு வைத்திருக்கும் ‘பாளம்’ இதற்குப் பொருந்துகிறது. ஒட்டில்லாத பனி ஒரு புள்ளியில் உதிரத் தொடங்கி, இறங்க இறங்க அகலும்: அது ‘உதிரிச்சரிவு’. ‘பாளச்சரிவு’ சாய்வின் குறுக்கே கோடு கிழித்தாற்போல் முறியும். அந்தக் கோடு பெரும்பாலும் ஆள் நிற்கும் இடத்துக்கு மேலே விழுவதால் தப்புவது கடினம்.

———

‘பாளம்’ சரி. ‘பனிப்பாளம்’ என்று மட்டும் சேர்க்க வேண்டாம், பனிக்கட்டிக்கு அது ஏற்கெனவே புழங்குகிறது.

எனக்கு உறுத்துவது பாளத்துக்கு அடியில் கிடக்கும், எளிதில் முறியும் அடுக்கு. ‘பலவீன அடுக்கு’ சப்பென்று இருக்கிறது, ‘நொய்யடுக்கு’ என்கலாம். அதில் ஒரு வகை: தெளிந்த குளிர் இரவில் பனிப்பரப்பின்மேல் நீராவி படிந்து இறகு இறகாக வளரும் படிகம். அதைப் புதுப்பனி மூடினால் வாரக்கணக்கில் ஒட்டுப்பிடிக்காது. ‘பூம்பனி’?

நொய்யடுக்கு ஆள் எடையில் அமுங்கும் ஓசைக்கு ‘தொம்மொலி’. குறிப்பில் இப்படி வரட்டும்: “தொம்மொலி கேட்டால் 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வுகளையும் அவற்றின் அடிவாரத்தையும் விட்டு விலகுங்கள்.” சமதளத்தில் தொடங்கும் முறிவு மேலே ஏறிப் பாளத்தை அவிழ்த்துவிடும் என்பதால் குறிப்பிலிருந்து ‘அடிவாரம்’ என்பதை நீக்கிவிடாதீர்கள்.

———

‘நொய்யடுக்கு’, ‘தொம்மொலி’ இரண்டும் அருமை. ‘பூம்பனி’ கேட்க அழகாக இருப்பதுதான் சிக்கல். ‘இறகுப்பனி’ என்றால் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு அடையாளமும் தெரியும்.

நீள்தூண் சோதனை (வெட்டிய பனித்தூணைத் தட்டி, நொய்யடுக்கில் விரிசல் ஓடுகிறதா என்று பார்ப்பது) பக்கத்தில் ‘பரவல்’ வேண்டாம். விரிசல் நம் பேச்சில் ‘ஓடும்’. சாய்வின் குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. அளவில் தூண் வெட்டி, ஒரு முனையில் மண்வெட்டித் தகட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 தட்டு. விரிசல் தோன்றிய அதே தட்டிலோ அடுத்த தட்டிலோ மறுமுனை வரை போனால் “14, ஓடியது, ஆழம் 45 செ.மீ.” என்று பதியலாம் (14 என்பது எத்தனையாவது தட்டு என்பது). வரைவில் விட்டுப்போனது: பின்பக்கத்தை நொய்யடுக்குக்குக் கீழ்வரை முழுக்க அறுக்க வேண்டும். அறுக்கும் கயிறு பாதியில் நின்றால் தூண் பின்னாலிருக்கும் பனியோடு பிணைந்து, இல்லாத வலுவைக் காட்டும். அடுக்கு ஒரு மீட்டருக்குமேல் ஆழத்திலிருந்தாலும் தட்டு எட்டாது.

அட்டவணையில் ‘ஓடவில்லை’ என்பதற்கு நேரே ‘பத்திரம்’ என்றிருப்பதை நீக்கிவிடுங்கள். காற்று பனியை ஒதுக்கிய பக்கத்தில், சில அடி தள்ளித் தோண்டினாலே விடை மாறும்.