ஜாபிக்ஸ்: டெஸ்ட் மெயில் வருகிறது, நிஜ அலர்ட் மட்டும் வரவில்லை

கேட்டவர்: இரவுப்பணி

ஜாபிக்ஸ் (சர்வர்களைக் கண்காணிக்கும் மென்பொருள்) 7.0, உபுண்டு 24.04. மூன்று கிளைகளில் மொத்தம் 42 லினக்ஸ் சர்வர்கள், கிளைக்கு ஒரு ரூட்டர். எல்லாவற்றிலும் பாசிவ் ஏஜென்ட் (ஜாபிக்ஸ் கேட்கும்போது பதில் தரும் சிறு நிரல்), ஜாபிக்ஸோடு கூடவே வரும் லினக்ஸ் டெம்ப்ளேட்.

மெயிலுக்கு ஜிமெயில், போர்ட் 587, ஸ்டார்ட் டிஎல்எஸ், ஆப் பாஸ்வேர்ட். மீடியா டைப் (மெயில் அனுப்பும் வழியின் அமைப்பு) பக்கத்தில் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் சில நொடிகளில் மெயில் வந்துவிடுகிறது. ஆனால் ஒரு சர்வரில் டிஸ்க் 93 சதவீதம் ஆகி, டாஷ்போர்டில் நேற்றிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் நிற்கிறது. அதற்கு ஒரு மெயில்கூட இல்லை. ட்ரிக்கர் ஆக்‌ஷனை இன்று காலை எனேபிள் செய்துவிட்டேன் (எல்லை தாண்டியதைக் கண்டுபிடிக்கும் விதி ட்ரிக்கர், அது எழுந்ததும் மெயில் அனுப்பும் விதி ஆக்‌ஷன்). மெயில் வாங்குவதற்கென்று தனியாக ஒரு யூசரும் யூசர் குரூப்பும் வைத்திருக்கிறேன். எங்கே பார்க்க வேண்டும்?

பதில்: கன்சோல்காரன்

ஆக்‌ஷன் முன்தேதியிட்டு வேலை செய்யாது. நேற்றே ப்ராப்ளம் ஆகிவிட்ட ட்ரிக்கருக்கு இன்று எனேபிள் செய்த ஆக்‌ஷன் மெயில் அனுப்பாது. அந்த டிஸ்க்கை வைத்துச் சோதிக்காதீர்கள். வேறொரு சர்வரில் டிஸ்க் எல்லைக்கான மேக்ரோவை (எல்லை எண்ணை வைத்திருக்கும் மாறி) அந்த ஹோஸ்ட்டில் மட்டும் குறைத்து வையுங்கள். 40 சதவீதம் நிரம்பியிருந்தால் எல்லையை 35 ஆக்கினால் போதும், புதிதாக ஒரு ப்ராப்ளம் கிளம்பும்.

அதன் பிறகு ரிப்போர்ட்ஸ் → ஆக்‌ஷன் லாக். அங்கே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மேற்கொண்டு பேச முடியும்.

ஃபெய்ல்ட் என்று வரி இருந்து 535 5.7.8 எண் தெரிந்தால் பாஸ்வேர்ட் பிரச்சினை. 'நோ மீடியா டிஃபைன்ட் ஃபார் யூசர்' என்று இருந்தால் அந்த யூசரின் மீடியா டேபில் மெயில் முகவரியே சேர்க்கவில்லை என்று பொருள். மீடியா டைப்பை அமைப்பது வேறு, யூசருக்கு மீடியா சேர்ப்பது வேறு. டெஸ்ட் பட்டன் முதலாவதை மட்டும்தான் சோதிக்கிறது.

வரியே இல்லையென்றால் பெரும்பாலும் பெர்மிஷன். மெயில் பெறும் யூசருக்கு அந்த ஹோஸ்ட் குரூப்பின் மேல் குறைந்தது ரீட் உரிமை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜாபிக்ஸ் எர்ரர் எதுவும் காட்டாமல் அந்த யூசரை அப்படியே தாண்டிப் போய்விடும். யூசர்ஸ் → யூசர் குரூப்ஸ் → உங்கள் குரூப் → ஹோஸ்ட் பெர்மிஷன்ஸ் டேப். புதிதாக உருவாக்கிய குரூப்பில் இது காலியாகத்தான் இருக்கும். சூப்பர் அட்மின் ரோலுக்கு இந்தத் தடை கிடையாது, அதனால்தான் பலர் மெயில் வாங்கும் யூசரை சூப்பர் அட்மின் ஆக்கிவிட்டு "சரியாகிவிட்டது" என்கிறார்கள். அதைச் செய்ய வேண்டாம்.

இன்னொன்று, ஆரஞ்சு என்றீர்கள். ஆரஞ்சு ஆவரேஜ் சிவியாரிட்டி (தீவிர நிலை). யூசர் மீடியாவில் ஹை, டிசாஸ்டர் இரண்டை மட்டும் டிக் செய்திருந்தால் டிஸ்க் நிறைந்தாலும் மெயில் வராது. அதே பெட்டியில் 'வென் ஆக்டிவ்' 1-7,00:00-24:00 (வாரம் முழுக்க, நாள் முழுக்க) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில்: தபால்நிலையம்

மேலே சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஜிமெயில் பக்கம் மட்டும் சில விஷயம்.

தனிநபர் ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 மெயில் வரம்பு. 42 சர்வருக்கு இது தாராளம் என்று தோன்றும். ஒரு கிளை லிங்க் ராத்திரி முழுக்க வந்து வந்து போனால் விடிவதற்குள் தீர்ந்துவிடும், அப்புறம் முக்கியமான மெயிலும் போகாது. மீடியா டைப்பின் ஆப்ஷன்ஸ் டேபில் கன்கரன்ட் செஷன்ஸை 'ஒன்' என்றே விடுங்கள். அன்லிமிடெட் ஆக்கினால் ஒரே நேரத்தில் பல லாகின் போய், 454 4.7.0 என்று ஜிமெயில் திருப்பி அனுப்பும்.

ஜாபிக்ஸ் சர்வரை என்றாவது கிளவுடுக்கு மாற்றுவதாக இருந்தால் முதலில் போர்ட்டைப் பாருங்கள். ஏடபிள்யூஎஸ்ஸிலும் கூகுள் கிளவுடிலும் வெளியே போகும் போர்ட் 25 இயல்பாகவே அடைபட்டிருக்கும். டிஜிட்டல் ஓஷனில் 465, 587 இரண்டும் சேர்த்து. அங்கே 2525-இல் கேட்கும் ரிலே சேவை (நம் மெயிலை வாங்கி அனுப்பித் தருவது) ஒன்றைப் பிடிப்பதுதான் வழி. சொந்த போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் சர்வர்) போட்டு நேராக அனுப்பலாம் என்ற ஆசை வந்தால் எஸ்பிஎஃப், டிகிம், பிடிஆர் (அனுப்பும் சர்வர் நம்பகமானது என்று காட்டும் டிஎன்எஸ் பதிவுகள்) மூன்றையும் முடித்துவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் அலர்ட் ஸ்பாம் பெட்டியில் தூங்கும்.

கேட்டவர்: இரவுப்பணி

நன்றி. ஆக்‌ஷன் லாகில் வரியே இல்லை. குரூப்புக்கு ரீட் கொடுத்ததும் வர ஆரம்பித்துவிட்டது. இப்போது பிரச்சினை தலைகீழ். ஒரு கிளையின் ரூட்டர் விழுந்தது, பின்னாலிருக்கும் 14 சர்வருக்கும் 'ஏஜென்ட் இல்லை' என்று தனித்தனி மெயில். திரும்பி வந்ததும் இன்னும் 14. டிபென்டென்சி (ரூட்டர் விழுந்தால் சர்வர் ட்ரிக்கர்களை அடக்கும் அமைப்பு) போட்டுத்தான் இருக்கிறேன், ஆனாலும் வருகிறது.

பதில்: வேர்_மூலம்

டிபென்டென்சி போட்டும் வருகிறது என்றால் பந்தயத்தில் ரூட்டர் தோற்கிறது.

ரூட்டரின் ஐசிஎம்பி (பிங்) ட்ரிக்கர் கடைசி மூன்று பிங்கும் தவறினால்தான் எழும். பிங் நிமிடத்துக்கு ஒன்று. ஆக, ஏறக்குறைய 3 நிமிடம். சர்வர்களின் ஏஜென்ட் ட்ரிக்கரும் அதே 3 நிமிடம், ஏஜென்ட் டைம்அவுட் மேக்ரோவின் இயல்பு மதிப்பு அது. சில சர்வர்கள் ரூட்டரை முந்திக்கொண்டு ப்ராப்ளம் ஆகிவிடும். அந்த நேரத்தில் ரூட்டர் ட்ரிக்கர் இன்னும் ஓகே நிலையில் இருப்பதால் டிபென்டென்சிக்கு அங்கே வேலையில்லை.

இரண்டு இடத்தில் கை வையுங்கள். கிளை ஹோஸ்ட்களில் ஏஜென்ட் டைம்அவுட் மேக்ரோவை 5 நிமிடம் ஆக்குங்கள். ரூட்டரின் பிங் இடைவெளியை 30 நொடியாகக் குறைத்தால் ஒன்றரை நிமிடத்தில் அது முதலில் விழுந்துவிடும்.

அடுத்து, ஆக்‌ஷனில் மெயிலை முதல் ஸ்டெப்பில் அனுப்பாதீர்கள். டீஃபால்ட் ஸ்டெப் ட்யூரேஷனை 2 நிமிடம் ஆக்கி (60 நொடிக்குக் கீழே போக முடியாது), ஆபரேஷனை 2-ஆம் ஸ்டெப்பிலிருந்து தொடங்குங்கள். இரண்டு நிமிடத்துக்குள் தானாகச் சரியானவற்றுக்கு மெயிலே போகாது. ரிகவரி ஆபரேஷனில் 'நோட்டிஃபை ஆல் இன்வால்வ்ட்' வைத்தால், ப்ராப்ளம் மெயில் வாங்கியவருக்கு மட்டும்தான் சரியான செய்தி போகும். யாருக்கும் போகாத ப்ராப்ளத்துக்கு ரிகவரி மெயிலும் கிடையாது. டிசாஸ்டருக்கு மட்டும் தனி ஆக்‌ஷன் போட்டு, அதில் முதல் ஸ்டெப்பிலேயே அனுப்பலாம்.

அப்படியே இன்னொரு ஆபரேஷன்: 16-ஆம் ஸ்டெப்பில், 'ஈவன்ட் அக்னாலெட்ஜ் ஆகவில்லை' என்ற கண்டிஷனோடு, டீம் லீடுக்கு. அரை மணி நேரமாக யாரும் தொடாத ப்ராப்ளம் மட்டும் மேலே போகும்.

பதில்: கன்சோல்காரன்

சிபியு, மெமரி ட்ரிக்கர்களை நீங்களே எழுதியிருந்தால் ரிகவரி எக்ஸ்பிரஷனையும் போடுங்கள். 5 நிமிட சராசரி 90-ஐத் தாண்டினால் ப்ராப்ளம், 80-க்குக் கீழே வந்தால்தான் ஓகே. ஒரே எண்ணை இரண்டுக்கும் வைத்தால் 89, 91 என்று ஆடும்போதெல்லாம் மெயில்.

யாரும் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. ஜாபிக்ஸ் சர்வரே விழுந்தால் "நான் விழுந்துவிட்டேன்" என்று மெயில் அனுப்ப அங்கே ஆளில்லை. ஹெல்த்செக்ஸ் மாதிரி, சிக்னல் வராவிட்டால் மெயில் அனுப்பும் சேவை ஒன்றில் 5 நிமிட செக் ஒன்றை வையுங்கள். அது ஜாபிக்ஸ் இருக்கும் அதே மெஷினில் இருக்கக் கூடாது. கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் நிரல்) வெறும் கர்ல் (இணைய முகவரியை அழைக்கும் கட்டளை) போட்டால் பயனில்லை, ஜாபிக்ஸ் ப்ராசஸ் செத்தாலும் கிரான் பாட்டுக்குச் சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும். ஸ்கிரிப்ட் முதலில் ஏபிஐ (ஒரு ஸ்கிரிப்ட் ஜாபிக்ஸிடம் தகவல் கேட்கும் வழி) வழியாக, நிமிடத்துக்கு ஒருமுறை சேகரிக்கப்படும் ஐட்டம் (அளவீடு) ஒன்றின் கடைசி மதிப்பு எந்த நேரத்தது என்று கேட்கட்டும். அது 5 நிமிடத்துக்கு மேல் பழசானால் சிக்னலை அனுப்பாமல் நிறுத்த வேண்டும்.

அந்த சேவையிலிருந்து வரும் எச்சரிக்கையை நீங்கள் அலர்ட் அனுப்பும் அதே ஜிமெயில் பெட்டிக்கு விடாதீர்கள். அந்தக் கணக்கு முடங்கினால் இரண்டும் சேர்ந்தே போகும்.

கேட்டவர்: இரவுப்பணி

ரூட்டர் பிங்கை 30 நொடி ஆக்கி, லிங்க்கை வேண்டுமென்றே கழற்றிப் பார்த்தேன். ரூட்டருக்கு ஒரே ஒரு மெயில், சர்வர்களுக்கு எதுவும் இல்லை. ஸ்கிரிப்ட்டை இன்று இரவு எழுதுகிறேன். ஏபிஐ டோக்கனுக்கு ரீட் மட்டும் உள்ள யூசர் போதும்தானே?

பதில்: கன்சோல்காரன்

போதும். அந்த யூசருக்கும் ஹோஸ்ட் குரூப்பில் ரீட் கொடுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஏபிஐ எர்ரர் தராது, காலிப் பட்டியல்தான் வரும். காலி வந்தாலும் சிக்னல் போகாதபடி ஸ்கிரிப்ட்டில் சேர்த்துவிடுங்கள்.