அம்மாவுடன் லண்டன்: நேரடி விமானமா, துபாய் வழியா?

வணக்கம் உறவுகளே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அக்காவின் பேறுகாலத்துக்கு அம்மாவை லண்டன் அழைத்துப் போக வேண்டும். கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவிலிருந்து லண்டன் ஹீத்ரோ சுமார் 10,600 கிலோமீட்டர். நேரடியாகப் போனால் 14 மணி நேரம். திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் கொஞ்சம் குறையும். துபாய் கிட்டத்தட்டப் பாதி வழி, ஏழு ஏழு மணி நேரமாகப் பிரியும்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். முட்டி தேய்ந்துவிட்டது, இனிப்பு நீரும் (சர்க்கரை நோய்) உண்டு. சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே பாதம் வீங்கி, செருப்பு வார் பதிந்துவிடும்.

வயதானவர்களோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள். ஒரே மூச்சில் போவது நல்லதா, துபாயில் இறங்கிக் கொஞ்சம் நடப்பது நல்லதா? விமானம் மாறும்போது சக்கர நாற்காலிக்குக் காத்திருக்க வேண்டியிருந்ததா? அப்புறம், லண்டன் நேரம் ஏழெட்டு மணி பின்னால். இன்சுலின் நேரத்தை எப்படிச் சமாளித்தீர்கள்? டாக்டரிடமும் கேட்பேன், ஆனாலும் போய் வந்தவர்கள் சொன்னால்தான் எனக்குத் தைரியம் வரும்.