குடும்ப ஓய்வூதியத்தில் பெயர்த் திருத்தம்: அனுபவமுள்ளவர்கள் உதவ வேண்டுகிறேன்

முன்னாள் படைவீரர் நண்பர்களுக்கு வணக்கம். தக்கலை அருகே வசிக்கும், காலஞ்சென்ற ஹவில்தார் ஒருவரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் இன்னும் தொடங்கவில்லை. பிளாஸ்டிக் உறையில் அவர் பத்திரமாக வைத்திருக்கும் கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் (படையிலிருந்து விடுவித்தபோது தந்த ஆவணம்) ‘அம்மை’ என்று முடியும் அவரது பெயர், ஆதாரில் ‘அம்மாள்’ என்று முடிவதால், பிரயாக்ராஜிலிருந்து இயங்கும் ஸ்பர்ஷ் என்ற இணையவழிப் படைத்துறை ஓய்வூதிய முறையில் விண்ணப்பம் நிற்கிறது. நம் பக்கத்தில் இரண்டும் ஒன்றுதான் என்பதைக் கணினிக்கு யார் சொல்வது! முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்காக 2003இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் சேருவதும் இதனால் தடைபட்டுள்ளது.

படைவீரர்களின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தின் வழியாக இத்தகைய திருத்தம் செய்தவர்கள், நோட்டரி பிரமாணப் பத்திரத்துடன் வேறு எவற்றை இணைத்தீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவருடன் நான் செல்லவிருக்கிறேன். இதே அலைச்சலைக் கடந்து வந்த சகோதரி ஒருவர் உடன் வந்தால், இந்த அம்மா என்னிடம் கேட்கத் தயங்குவதை அவரிடம் கேட்பார்.